கிரனடாவில் ஜாதிக்காய் வாங்கும்போது

கரீபியன் தீவான கிரனடாவுக்குப் போகிறவர்கள், கப்பல்துறைப் பக்கத்துக் கடைகளிலேயே பையை நிரப்பிவிடாதீர்கள். தலைநகர் செயின்ட் ஜார்ஜஸின் சந்தைக்கு நடந்து போங்கள். சனிக்கிழமை காலையில்தான் அங்கே களைகட்டும்.

அந்நாட்டுக் கொடியிலேயே இடம்பிடித்தது ஜாதிக்காய். அதை ஓட்டோடு வாங்குங்கள். காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே கொட்டை கடகடவென்று ஆட வேண்டும், அப்போதுதான் நன்றாகக் காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஓடு இருக்கும்வரை மணம் போகாது. வேண்டும்போது உடைத்துத் துருவிக்கொள்ளலாம். பொடி வேண்டவே வேண்டாம், சீக்கிரம் வாசனை இழந்துவிடும். ஜாதிக்காய், கிராம்பு, பட்டை கோத்த மசாலா மாலைகள் சுவரில் மாட்ட அழகு. அப்புறம், கொக்கோ உருண்டையையும் விட்டுவிடாதீர்கள். பாலில் கொதிக்கவைத்துக் குடித்தால் அருமையாக இருக்கும்.

விலை கேட்கும்போது எந்த டாலர் என்றும் கேளுங்கள். அந்நாட்டு நாணயம் கிழக்குக் கரீபியன் டாலர். 1 அமெரிக்க டாலருக்கு 2.70 கிழக்குக் கரீபியன் டாலர், வித்தியாசம் பெரிது.

ஆமையோட்டு நகை, கருப்புப் பவளம் இரண்டையும் எந்தத் தீவிலும் தொடாதீர்கள். சர்வதேச வணிகக் கட்டுப்பாடு உள்ளவை. சுங்கத்தில் பறிமுதல் செய்துவிடுவார்கள்.