சாக்கு அப்படியேதான் இருக்கும்: எடை குறைக்கிறவர்கள் செய்யும் தவறுகள்

ஒகேனக்கலில் எண்ணெய் தேய்க்கிறவர் என் வயிற்றில் இரண்டு கையையும் வைத்து ஓர் அழுத்து அழுத்திவிட்டு, "மாசம் ரெண்டு தடவ வாங்கண்ணா, இந்தத் தொப்பை தானா கரைஞ்சிடும்" என்றார். சொன்னவருக்கு என்னைவிடப் பெரிய தொப்பை. பக்கத்துக் கல்லில் படுத்திருந்த என் மச்சான் அதைக் கவனிக்கவில்லை. நம்பிவிட்டான். தருமபுரியிலிருந்து மாதம் இருமுறை பஸ் ஏறினான்.

எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றால் உடம்பு வலி போகும், நன்றாகத் தூக்கம் வரும், வெளியே வந்ததும் மீன் வறுவல் வாசம் இழுக்கும். கொழுப்பு மட்டும் போகாது. தோலுக்கு மேலே தேய்த்து உள்ளே இருக்கும் கொழுப்பைக் கரைக்க வழியே இல்லை. வியர்வையும் அப்படித்தான். மே மாத வெயிலில் ஜெர்கின் போட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடுகிறவர்களைப் பார்க்கிறேன். அவர்கள் இழப்பது தண்ணீர். இரண்டு சொம்பு குடித்தால் எடை திரும்பிவிடும்.

அப்படியானால் கொழுப்பு எங்கேதான் போகிறது? நம்மூர்ப் புளி மண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கொழுப்புச் செல்லும் ஒரு சாக்கு. உள்ளே இருக்கும் புளிதான் டிரைகிளிசரைடு என்கிற கொழுப்பு. சாப்பிடுவதைவிடச் செலவு கூடும்போது, கொழுப்பைச் சேர்த்து வைக்கச் சொல்லும் இன்சுலின் ஹார்மோன் ரத்தத்தில் இறங்குகிறது. செல்லுக்குள் இருக்கும் நொதிகள் கொழுப்பைக் கொழுப்பு அமிலமாகவும் கிளிசராலாகவும் பிரிக்கின்றன. அவை ரத்தத்தில் கலந்து தசைக்கும் மற்ற உறுப்புகளுக்கும் போய் எரிகின்றன. சாக்கு சுருங்கிப் படுத்துக்கொள்கிறது. ஆனால் மண்டியை விட்டு வெளியே போவதில்லை.

எரிந்தது என்ன ஆகிறது என்பதற்கு 2014இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ரூபன் மீர்மனும் ஆண்ட்ரூ பிரவுனும் ஒரு கணக்குப் போட்டார்கள். 10 கிலோ கொழுப்பு முழுதாக எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் போகிறது. மிச்சம் 1.6 கிலோ தண்ணீராகிறது. டாக்டர்களிடம் கேட்டபோதுகூட நிறையப் பேர் வெப்பமாகப் போகிறது என்றே சொன்னார்களாம். மூச்சில் போகிறது என்றதும் உட்கார்ந்த இடத்திலேயே வேகவேகமாக மூச்சு விட ஆரம்பிக்காதீர்கள். தலைதான் சுற்றும். உடம்பு அசைந்து எரித்தால்தான் அந்தக் கரியமில வாயு கூடுதலாக உண்டாகும்.

அடுத்தது, முதல் வாரத்து எடையை நம்புவது. மச்சான் சோற்றை அடியோடு நிறுத்தி ஏழே நாளில் 3 கிலோ குறைந்தான். வீடே கொண்டாடியது. நான் பென்சிலை எடுத்தேன். ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. 3 கிலோ என்றால் 23,100. ஏழால் வகுத்தால் நாளுக்கு 3,300. அவன் ஒரு நாளில் செலவழிப்பதே அவ்வளவு வராது, தண்ணீர் மட்டும் குடித்திருந்தால்கூட. பிறகு எது குறைந்தது? மாவுச்சத்தை உடம்பு கிளைகோஜனாகச் சேர்த்து வைக்கிறது, ஒரு கிராம் கிளைகோஜனோடு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரும் ஒட்டியிருக்கும். சோறு நின்றதும் முதலில் காலியாவது அதுதான். ஒரு கல்யாணச் சாப்பாட்டில் பாதி திரும்பி வந்தது. "டயட் வேலை செய்யல" என்று அத்தோடு விட்டுவிட்டான். எனக்குத் தெரிந்து பாதிப் பேர் கைவிடுவது இந்த இடத்தில்தான்.

தொப்பைக்கென்று தனிப் பயிற்சி செய்வது இன்னொன்று. வயிற்றுத் தசை வலுவாகும், சரி. ஆனால் கொழுப்பு ரத்தம் வழியாக உடம்பு முழுவதிலிருந்தும் எடுக்கப்படுகிறது. எந்த மூட்டையை முதலில் அவிழ்ப்பது என்பதை மரபணுவும் ஹார்மோனும் முடிவு செய்கின்றன. நீங்கள் அல்ல.

இனி நான் சொல்லப்போவதற்கு இந்த ஊரில் திட்டு வாங்குவேன். கேழ்வரகுக் களி சாப்பிட்டால் இளைத்துவிடலாம் என்பதும் தவறுதான். களி நல்ல சாப்பாடு. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு, நார்ச்சத்தும் உண்டு, பசி தாங்கும். ஆனால் கலோரியில் அரிசிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. காட்டில் ஏர் ஓட்டிய தாத்தா சாப்பிட்ட அதே அளவு உருண்டையை நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிற பேரன் சாப்பிட்டால் சாக்கு நிறையும். கீரை மசியலை இரட்டிப்பாக்கி உருண்டையைப் பாதியாக்கினால் கதை வேறு. மாம்பழமும் அப்படியே. கிருஷ்ணகிரிப் பக்கம் சீசன் வந்துவிட்டால் யார் எண்ணிச் சாப்பிடுகிறார்கள்?

அப்புறம் பட்டினி. உடம்பு கொழுப்பை மட்டும் எடுக்காது, தசையையும் சேர்த்துத் தின்னும். வேகமாக இளைக்கிறவர்களுக்குப் பித்தப்பையில் கல் வருவதும் உண்டு. வாரம் அரை கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ போதும். 'கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று பெரியவர்கள் சொன்னதில் எனக்குப் பிடித்த பகுதி கொள்ளிலுள்ள புரதம்தான், அது தசையைக் காக்க உதவும். கொள்ளு ரசம் கொழுப்பை உருக்கும் என்பதெல்லாம் சும்மா. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டைத் தள்ளிப்போடவே கூடாது. சர்க்கரை மளமளவென்று இறங்கி மயக்கம் போட்டு விழுந்துவிடலாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, நினைத்த எடை வந்ததும் "முடிஞ்சுது" என்று நினைப்பது. சாக்கு காலியானாலும் அங்கேயேதான் இருக்கும் என்பதை 2008இல் ஸ்டாக்ஹோம் ஆராய்ச்சியாளர்கள் தெளிவாகக் காட்டினார்கள். 1950, 60களில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்கிற கதிரியக்கக் கார்பன் கூடியிருந்தது. அது மனித உடம்பிலும் சேர்ந்தது. செல்லின் டிஎன்ஏவில் அதை அளந்து, அந்தச் செல் எப்போது பிறந்தது என்று கண்டுபிடித்தார்கள். ஆண்டுக்குப் பத்தில் ஒரு கொழுப்புச் செல் சாகிறது, அதே அளவு புதிதாகப் பிறக்கிறது. வளர்ந்த ஆளிடம் மொத்த எண்ணிக்கை ஏறக்குறைய மாறுவதில்லை. இரைப்பை அறுவை சிகிச்சை செய்து நன்றாக இளைத்தவர்களிடம் இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் எண்ணிக்கை அதேதான், செல்லின் அளவுதான் சிறுத்திருந்தது.

சுருங்கிய செல் சும்மாவும் இருப்பதில்லை. 'இருப்பு போதும்' என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் ஹார்மோனை இந்தச் செல்கள்தான் சுரக்கின்றன. கொழுப்பு குறைந்தால் லெப்டினும் குறையும், பசி கூடும். இளைத்தவருக்கு முன்னைவிட அதிகமாகப் பசிப்பது மனவுறுதி இல்லாததால் அல்ல. லைபோசக்‌ஷனில் சாக்கையே உறிஞ்சி எடுக்கிறார்களே என்பீர்கள். எடுக்கிறார்கள்தான். ஆனால் தொடையில் எடுத்தவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் வயிற்றில் கொழுப்பு கூடியதை ஓர் ஆய்வு கண்டது.

மச்சான் இரண்டாம் முறை ஒன்றரை வருடம் எடுத்துக்கொண்டு 11 கிலோ குறைத்தான். இப்போது திங்கள்கிழமைதோறும் எடை பார்க்கிறான். 2 கிலோ ஏறியிருந்தால் அன்று ராத்திரியே களி உருண்டை பாதியாகிறது. காலையில் ஒரு சுற்று கூடுதலாக நடக்கிறான். ஒகேனக்கலுக்கு இன்னமும் போகிறான். எண்ணெய் தேய்க்கிறவர், "பாத்தீங்களாண்ணா, கரைஞ்சிடுச்சு" என்று போனமுறை பெருமையாகச் சொன்னாராம். இவனும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறான்.