நைட்ரேட் விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள்

2020 ஆகஸ்டில் கிடங்கில் கிடந்த அம்மோனியம் நைட்ரேட்டால் லெபனானின் பெய்ரூட் துறைமுகம் வெடித்த வாரம், சென்னை மணலியில் ஒரே பேச்சு: சுங்கத்துறை 2015இல் பிடித்த ஏறத்தாழ 700 டன் அம்மோனியம் நைட்ரேட் இங்கே ஒரு கிடங்கில் கிடக்கிறதாம். செய்தி உண்மைதான். பயந்ததிலும் தவறில்லை. சில நாட்களில் அதை ஹைதராபாத்துக்கு லாரிகளில் ஏற்றி அனுப்பத் தொடங்கினார்கள். ஆனால் நைட்ரேட் என்றாலே வெடிமருந்து என்று பலருக்கும் மனதில் பதிந்துவிட்டது. நைட்ரேட் என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. ஒரு நைட்ரஜனும் மூன்று ஆக்சிஜனும் சேர்ந்த அயனி அது. எதனோடு சேர்கிறதோ அதைப் பொறுத்து குணம் மாறும். வெடியுப்பு பொட்டாசியம் நைட்ரேட். ஓட்டுப் போட்டதும் விரலில் வைக்கும் மையில் இருப்பது சில்வர் நைட்ரேட். கீரையிலும் பீட்ரூட்டிலும் தானாகவே நைட்ரேட் உண்டு.

அம்மோனியாவும் நைட்ரேட்டும் ஒன்றல்ல. 2023 டிசம்பரில் எண்ணூரில் கசிந்து கண்ணையும் தொண்டையையும் எரித்தது அம்மோனியா வாயு. நெடி வந்ததால் மக்கள் எழுந்து ஓட முடிந்தது. தண்ணீரில் கரைந்த நைட்ரேட்டுக்கு நெடியும் கிடையாது, நிறமும் கிடையாது.

அதனால்தான் தண்ணீரில் செய்யும் தவறு பெரிய தவறாகிறது. வீடுகள் நெருக்கமான வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை போன்ற பகுதிகளில் அடிபம்புக்குப் பக்கத்திலேயே கழிவுநீர்க் குழாய் உடைந்து கசிந்தால், கழிவில் உள்ள நைட்ரஜனை மண்ணின் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றி நிலத்தடி நீரில் சேர்த்துவிடும். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். கிருமி சாகும், நைட்ரேட் போகாது. லிட்டருக்கு 40 மில்லிகிராம் இருந்த தண்ணீர் முக்கால் பங்காகச் சுண்டினால் 53 ஆகிவிடும். இந்தியத் தர வரம்பு 45. குளோரின் மாத்திரை, கேண்டில் ஃபில்டர், யூவி எதுவும் இதற்கு உதவாது. ஆர்ஓ பெருமளவு குறைக்கும்.

ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் தயவுசெய்து பால்பவுடர் கரைக்காதீர்கள். உடலுக்குள் நைட்ரேட் நைட்ரைட்டாக மாறி, ரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் குறைத்துவிடும். உதடும் நகமும் நீலம் பாய்ந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

அப்புறம், லேப் ரிப்போர்ட். 11 என்று பார்த்ததும் 45க்குக் கீழேதானே என்று விட்டுவிடக் கூடாது. அது ‘நைட்ரஜனாக’, அதாவது நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனை மட்டும் கணக்கிட்ட எண்ணாக இருந்தால் 4.43ஆல் பெருக்க வேண்டும். ஏறத்தாழ 49 வரும், வரம்பைத் தாண்டிவிட்டது. எந்தக் கணக்கில் போட்டது என்று ரிப்போர்ட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.