மண்ணீரல் தமனி வீக்கத்துக்குக் காயில் சிகிச்சை: மேசையில் படுப்பதற்கு முன்னும் பின்னும்

ரத்தக் குழாய்களைப் படம் பிடித்தபடியே உள்ளிருந்து சிகிச்சை செய்யும் ஆஞ்சியோ அறையில் செவிலியராக இருக்கிறேன். வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்து, மண்ணீரல் தமனியில் அனியூரிசம் (தமனிச் சுவர் பலவீனமாகிப் புடைத்த வீக்கம்) இருப்பதைத் தற்செயலாகத் தெரிந்துகொண்டு வருபவர்களே இங்கு அதிகம். வயிற்று உள்ளுறுப்புத் தமனிகளில் வரும் அனியூரிசங்களில் இதுதான் முதலிடத்தில் இருக்கிறது என்றாலும், மொத்தத்தில் அரிய நோய்தான். அதனால் அவர்கள் விசாரிக்க அக்கம்பக்கத்தில் அனுபவப்பட்டவர் யாரும் கிடைப்பதில்லை.

முதல் வேலை, ரிப்போர்ட் தாளோடு நிற்காமல் ஸ்கேன் படங்கள் முழுவதையும் வாங்கி வைப்பது. காயில் எனும் மெல்லிய உலோகச் சுருளை வைத்துத் தமனியை உள்ளிருந்து அடைக்கும் சிகிச்சையைத் திட்டமிடுபவர் பார்ப்பது படங்களைத்தான்: தமனி எப்படி வளைகிறது, வீக்கத்துக்குக் கழுத்து (தமனியோடு சேரும் குறுகிய வாய்) உண்டா, எந்தக் கிளை அதிலிருந்து பிரிகிறது என்பதெல்லாம் தாளில் முழுமையாக வராது.

பிறகு, இப்போதே சிகிச்சை தேவையா என்று கேளுங்கள். அறிகுறி இல்லாத அனியூரிசத்துக்கு 3 செ.மீ.யைத் தாண்டினால் சிகிச்சை என்கிறது, அமெரிக்க ரத்தநாள அறுவை மருத்துவர்கள் சங்கம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. கர்ப்பத்தில் வெடித்தால் தாய், சேய் இருவர் உயிருக்கும் ஆபத்து என்பதால் சிறியதையும் அடைக்கச் சொல்கிறார்கள். கணைய அழற்சியாலோ அடிபட்டதாலோ வரும் பொய் அனியூரிசத்துக்கும் (தமனிச் சுவர் கிழிந்து, வெளியே கசிந்த ரத்தம் பைபோலத் தேங்குவது) அளவு பார்ப்பதில்லை. காத்திருக்கும் நாட்களில் இடது மேல்வயிற்றில் திடீரென்று கடும் வலி, தலைசுற்றல், மயக்கம் வந்தால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். அப்பாயிண்ட்மென்ட் தேதியைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

மருத்துவரிடம் நீங்கள் அவசியம் கேட்க வேண்டிய கேள்வி இது: “வீக்கத்தின் இரு பக்கமும் அடைப்பீர்களா, அல்லது தமனியைத் திறந்தே வைத்திருப்பீர்களா?” இரைப்பையிலிருந்து வரும் சிறு தமனிகள் வழியாகவும் மண்ணீரலுக்கு ரத்தம் போகிறது. இதயத்தின் பக்கம் மட்டும் அடைத்தால், அந்த ரத்தம் பின்னோக்கி வந்து வீக்கத்தை மறுபடியும் நிரப்பும். அதனால் முதலில் வீக்கத்தைத் தாண்டிப் போய் அங்கே பிளாட்டினம் காயில்களை வைத்து, அடுத்து இதயத்தின் பக்கம் அடைப்பார்கள். அதே சிறு தமனிகளின் தயவில் மண்ணீரல் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். தமனி அதிகம் வளையாமல் இருந்தால், உறையிட்ட ஸ்டென்ட் (துணிபோன்ற உறை போர்த்திய வலைக்குழாய்) வைத்து ரத்த ஓட்டத்தைக் காப்பதும் உண்டு. மண்ணீரலின் பெரும்பகுதி செயலிழக்கும் வாய்ப்பு இருக்கிறது என்றால், நிமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ் ஆகிய கிருமிகளுக்கான தடுப்பூசிகளைப் பற்றி முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் முடிவு, ரத்தக் குழாய் படத்தில் தெரிவதற்காகச் செலுத்தும் சாய மருந்தால் முன்பு வந்த ஒவ்வாமை, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை இவற்றையெல்லாம் எழுதி எடுத்து வாருங்கள். எந்த மாத்திரையையும் தாமாக நிறுத்த வேண்டாம். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும் சொல்லுங்கள். எக்ஸ்ரே கதிர்களை வைத்துத்தான் வேலை நடக்கிறது.

பெரும்பாலும் தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, அங்கிருந்து கதீட்டர் எனும் மெல்லிய குழாயை உள்ளே செலுத்துவார்கள். சாய மருந்து போகும்போது வயிற்றில் சூடு பரவும். சிலருக்குச் சிறுநீர் கழித்துவிட்டதுபோலத் தோன்றும். பயப்பட வேண்டாம், சில நொடிகளில் அடங்கிவிடும். “மூச்சைப் பிடியுங்கள்” என்றால் அசையாமல் பிடியுங்கள். படம் தெளிவாக விழுந்தால்தான் காயில் சரியான இடத்தில் உட்காரும். வலித்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள். பொறுத்துக்கொள்பவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை.

தொடை வழியாகச் செய்திருந்தால், சில மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும். இருமல் வந்தால் ஊசி போட்ட இடத்தைக் கையால் அழுத்திக்கொள்ளுங்கள். அங்கே ஈரமாகவோ புடைப்பாகவோ உணர்ந்தால் உடனே கூப்பிடுங்கள்.

சில நாட்களுக்கு இடது விலாவின் கீழ் வலியும் லேசான காய்ச்சலும் குமட்டலும் வருவது வழக்கம். காய்ச்சல் குறையாமல் ஏறினாலோ, குளிர் நடுக்கம் வந்தாலோ திரும்பி வந்துவிடுங்கள். மண்ணீரலில் சீழ் கட்டியிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

காயில் விவர அட்டையைப் பத்திரப்படுத்தி, பிறகு எந்த ஸ்கேனுக்குப் போனாலும் காட்டுங்கள். சி.டி.யில் உலோகத்தின் பளிச்சிடல் படத்தை மறைக்கும் என்பதால், வீக்கத்துக்குள் மறுபடி ரத்தம் போகிறதா என்று அறிய எம்.ஆர். ஆஞ்சியோ (காந்தப்புலத்தால் ரத்தக் குழாய்களைப் படம் எடுப்பது) எடுக்கச் சொல்லலாம். வலி இல்லை என்று அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள். மறுபடி ரத்தம் புகுந்தாலும் வலி காட்டாமல் இருக்கக்கூடும்.