ஸ்பீக்கரை மாற்றும் முன் அறையைக் கவனியுங்கள்: பாட்டு கேட்கும் அறையைச் சீர்செய்யும் முறை

பெங்களூரு அல்சூரில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டில் பாட்டு கேட்கும் அறை 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம். தரையெல்லாம் டைல்ஸ், ஒரு பக்கம் கண்ணாடி ஜன்னல். ஸ்பீக்கரை மாற்றிப் பார்த்தேன், ஆம்ப்ளிஃபயரையும் மாற்றிப் பார்த்தேன். மிருதங்கத்தின் தொப்பி ஒலி, அதாவது இடப்பக்கத்தின் கனத்த ஒலி மட்டும் ஒவ்வொரு தட்டுக்கும் கும்மென்று பரவி, அடுத்து வரும் சொல்லை (தாளச் சொற்கட்டை) மூடிக்கொண்டே இருந்தது. கோளாறு அறையில் இருந்தது.

தெருவில் போகும் வண்டிச் சத்தத்தைத் தடுப்பது வேறு வேலை. அதற்குக் கனமான சுவரும், இடுக்கில்லாத கதவு ஜன்னலும் வேண்டும். இங்கே சொல்லப்போவது அறைக்குள் எழும் ஒலியைத் தெளிவாக்கும் வழி.

1. அறையைக் கேளுங்கள்

அறையின் நடுவில் நின்று பலமாக ஒரு முறை கைதட்டுங்கள். டிர்ர்ரென்று உலோக அதிர்வுபோல ஒன்று தொடர்ந்தால், எதிரெதிர்ச் சுவர்கள் ஒலியைப் பந்தாடுகின்றன என்று பொருள். பிறகு மிருதங்கத்தின் ஒரு தனி ஆவர்த்தனத்தை ஓடவிட்டு மெதுவாக நடந்து பாருங்கள். மூலையில் தொப்பி முழங்கும், நடுவில் மெலிந்துபோகும்.

காரணம் எளிய கணக்கு. ஒலி நொடிக்குச் சுமார் 1125 அடி போகிறது. அதை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால், அந்த நீளத்தில் முழங்கும் முதல் ஒலி கிடைக்கும். 12 அடிக்கு 47 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 47 அதிர்வு), 10 அடிக்கு 56. என் அறையில் அகலமும் உயரமும் ஒன்றே என்பதால் 56 இரட்டிப்பாக வீங்கியது. நீளம், அகலம், உயரம் மூன்றும் சமமான அறை என்றால், முடிந்தவரை வேறு அறைக்கு மாறிவிடுங்கள்.

2. இடம் மாற்றுங்கள்

இதற்கு ஒரு காசும் செலவில்லை, பலனோ பெரியது. அகலம் குறைந்த சுவரின் பக்கம் ஸ்பீக்கர்களை வையுங்கள். அவற்றுக்குப் பின்னால் உள்ள சுவரிலிருந்து இரண்டடியாவது தள்ளியிருக்கட்டும். இரு பக்கச் சுவர்களுக்கும் உள்ள தூரம் சமமாக இருக்கட்டும். உங்கள் நாற்காலி சுவரை ஒட்டியும் வேண்டாம், அறையின் நட்டநடுவிலும் வேண்டாம். என் 12 அடி அறையில், பின்னால் நாலரை அடி விட்டு உட்கார்ந்தபோது தொப்பி அடங்கியது. அரை அடி அரை அடியாக நகர்த்திக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

3. கண்ணாடி வைத்துக் குறியுங்கள்

நான் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ள, என் மகள் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கச் சுவரோடு ஒட்டி நகர்த்திக்கொண்டே வந்தாள். "தெரிகிறதா அப்பா?" கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரிந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு புள்ளி. ஸ்பீக்கரின் ஒலி பட்டுத் திரும்பி, நேரடி ஒலிக்குச் சற்றே பிந்தி, காதுக்கு வரும் இடம் அதுதான். வயலினும் குரலும் தெளிவிழந்து குழம்புவது இதனால்தான்.

ஒலியை உறிஞ்சும் பேனலுக்குச் செலவழிக்கும் முன் அங்கே ஒரு பஞ்சு மெத்தையைச் சாய்த்து வைத்துக் கேளுங்கள். 1895-இல் ஹார்வர்டில் வாலஸ் சபைன் ஒரு விரிவுரை அறையின் எதிரொலியை ஆராயத் தொடங்கியபோது, அருகிலிருந்த அரங்கின் இருக்கை மெத்தைகளைத்தான் இரவில் சுமந்து வந்து அடுக்கி அளந்தார். கட்டட ஒலியியல் அறிவியலாக வளர்ந்தது அந்த மெத்தைகளிலிருந்துதான்.

4. பேனல் செய்யுங்கள்

நான்கடிக்கு இரண்டடி மரச் சட்டம், நான்கு அங்குல ஆழம். உள்ளே கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள ராக்வூல் (கல்லை உருக்கி இழையாக்கிய பஞ்சு), இரண்டு அங்குலப் பலகையாக இரண்டு. மேலே காடாத் துணி. சிக்பேட்டையில் துணி எடுக்கும்போது வாயருகே பிடித்து ஊதிப் பாருங்கள். மூச்சு தடையில்லாமல் போனால் ஒலியும் போகும். ராக்வூல் இழை அரிக்கும். கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை அணிந்து மாடியில் வைத்துச் செய்யுங்கள். இழை வெளியே உதிராதபடி துணியை இறுக்கிப் பொதியுங்கள்.

சுவரில் துளை போட்டால் வீட்டுக்காரர் அட்வான்ஸில் கழிப்பார். அதனால் கால் வைத்த சட்டமாகச் செய்தேன். சுவருக்கும் பேனலுக்கும் நடுவே இரண்டு அங்குலம் இடைவெளி விட்டால் கீழ்ச்சுருதி ஒலிகளையும் கூடுதலாக உறிஞ்சும்.

5. மூலைகளை அடைத்துவிடுங்கள்

கீழ்ச்சுருதி ஒலிகள் எல்லாம் குவியும் இடம் மூலை. பேனல்களை ஒன்றன்மேல் ஒன்றாக, சாயாதபடி கட்டி, மூலைக்குக் குறுக்கே நிறுத்துங்கள். முதலில் நான் ஒரு கடைக்காரர் சொன்னதை நம்பி ஒரு அங்குல ஃபோமைச் சுவரெங்கும் ஒட்டினேன். வயலினின் பளபளப்பு போனது, முழக்கம் அப்படியே நின்றது. 56 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் 20 அடி. ஒரு அங்குலம் அதை என்ன செய்துவிடும்? முட்டை அட்டையும் அப்படித்தான். சாதாரண ஃபோம் எளிதில் தீப்பற்றும் என்பதையும் மறக்காதீர்கள்.

தரைக்குத் தடித்த கம்பளம். மெல்லிய ஜமக்காளம் போதாது. நாற்காலிக்குப் பின்னால் உள்ள சுவரில் புத்தக அலமாரி இருந்தால் அப்படியே இருக்கட்டும். முன்னும் பின்னுமாக அடுக்கிய புத்தகங்கள் ஒலியைச் சிதறடித்து அறையை உயிரோடு வைக்கும். எல்லாச் சுவரையும் மூடிவிட்டால் தம்பூரா வறண்டுபோகும். பக்கச் சுவர்களில் இரண்டு பேனல், இரண்டு மூலைகள், இதோடு நிறுத்தி ஒரு வாரம் கேளுங்கள். பிறகும் தொப்பி அடுத்த சொல்லின்மேல் ஏறினால், மூன்றாவது மூலைக்குப் போங்கள்.