சாரம் கட்டிய ஐயாவை வழுக்காமல் நடக்க வைப்பது எப்படி?

கொழும்பு வெள்ளவத்தையில் என் சொந்தக்காரப் பெடியன் ஒருவன் தான் செய்த கேமைக் காட்டினான். காலி வீதி (கோல் ரோட்) மாதிரியே ஒரு வீதி, கடைப் பலகைகள், ஓட்டோக்கள், எல்லாம் வடிவாகத்தான் இருந்தன. நடுவில் சாரம் கட்டிய ஒரு ஐயா. கீயை அழுத்தியதும் ஐயாவின் கால்கள் ஒரு பக்கம் ஆட, உடம்பு தன்பாட்டில் வழுக்கிக்கொண்டு போனது. "என்னடா, ஐயா பாசியில கால் வச்சிட்டாரா?" என்றேன். "முகத்தைப் பாருங்கோ அண்ணா, தாடியில ஒவ்வொரு மயிரும் தெரியுது" என்றான்.

முகம் கிடக்கட்டும். பாத்திரம் உயிருள்ளதாகத் தெரிவதும் பொம்மையாகத் தெரிவதும் முதலில் பாதத்தில்தான். கேம் செய்யத் தொடங்குகிற எல்லோருக்கும் உதவட்டும் என்று, அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததை இங்கே எழுதுகிறேன்.

தேவையானவை: பிளெண்டர் (3டி உருவம் செய்ய), கோடோ 4 (கேம் எஞ்சின், அதாவது கேமை ஓட்டும் மென்பொருள்), மிக்சாமோ கணக்கு (எலும்பும் அசைவும் தரும் இணையத்தளம்). மூன்றும் இலவசம். அன்ரியல் எஞ்சினில் இன்னும் பெரிய வசதிகள் உண்டு, ஆனால் அது பல பத்து ஜிபி பிடிக்கும், பழைய லப்டொப் திணறும். கோடோவே போதும்.

தொடங்க முன் ஒரு விஷயம். படத்துக்கு அனிமேஷன் செய்பவர் ஒரு சட்டத்துக்காக (ஃபிரேம்) இரவு முழுக்கக் கணினியை ஓடவிடலாம். கேமில் விநாடிக்கு 60 சட்டம் என்றால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது ஏறக்குறைய 16.7 மில்லி விநாடி. அடுத்ததாக விளையாடுபவர் எந்தக் கீயை அழுத்துவார் என்பதும் தெரியாது. அதனால் நாம் செய்வது முழு நடிப்பு அல்ல. துண்டு துண்டான அசைவுகளைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தந்த நேரத்தில் கலந்து கொடுப்பதுதான் வேலை.

படி 1: நடப்பவர்களைப் பாருங்கள்

கணினியைத் திறக்காதீர்கள். காலையில் மரைன் டிரைவ் பக்கம் போய் நடப்பவர்களைப் பாருங்கள். பார்க்க மட்டும், வீடியோ எடுப்பதென்றால் வீட்டு ஆளை எடுங்கள், பக்கவாட்டில் நின்று, 60 சட்ட வேகத்தில். 1989இல் வந்த பிரின்ஸ் ஒஃப் பெர்ஷியா கேமுக்கு ஜோர்டன் மெக்னர் செய்ததும் இதுதான். தம்பியை ஓடவும் தாவவும் விட்டு வீடியோ எடுத்து, அதை வைத்துச் சட்டம் சட்டமாக வரைந்தார். இன்றைக்கும் அந்த ஓட்டம் பழசாகத் தெரியாது.

வீடியோவை மெதுவாக ஓட்டினால் ஒவ்வொரு எட்டிலும் நான்கு நிலை தெரியும். குதிகால் ஊன்றுகிறது. பாரம் முழுக்க அந்தக் காலில் இறங்க, இடுப்பு கொஞ்சம் அமிழ்கிறது. மற்றக் கால் கடந்து போகிறது. பிறகு உடம்பு எழும்பி முன்னால் சாய்கிறது. இடுப்பு அமிழ்ந்து எழும்பாத நடையில் பாரமே இருக்காது. பெடியனின் ஐயாவுக்கும் அதுதான் குறை.

படி 2: எலும்பு போடுதல்

கையை விரித்து நிற்கும் உங்கள் மாதிரியுருவை (3டி மொடல்) மிக்சாமோவில் ஏற்றுங்கள். நாடி (முகவாய்), மணிக்கட்டு, முழங்கை, முழங்கால், இடுப்பின் கீழ்ப்பகுதி ஆகிய இடங்களில் புள்ளி வைக்கச் சொல்லும். வைத்தால் உருவத்தை அசைக்கும் எலும்புக்கூட்டை அதுவே உள்ளே பொருத்திவிடும். நிற்றல், நடை, ஓட்டம் என்று மூன்று அசைவுக் கிளிப் எடுங்கள். முதலாவதைத் தோலோடும் (வெளி உருவத்தோடும்) மற்ற இரண்டையும் தோல் இல்லாமலும் இறக்கினால் போதும்.

காற்சட்டை போட்ட பாத்திரம் என்றால் இந்தப் படி இத்தோடு முடிந்தது. சாரமோ சேலையோ வேட்டியோ என்றால் இங்கேதான் தலையிடி. தோலின் ஒவ்வொரு புள்ளியும் எந்த எலும்போடு எவ்வளவு போக வேண்டும் என்பதற்கு ஒரு பங்கு உண்டு. பங்குகளின் கூட்டுத்தொகை 1. பொதுவாக ஒரு புள்ளிக்கு நான்கு எலும்பு வரைதான். தானியங்கி முறை கிட்டத்தில் உள்ள எலும்பைப் பார்த்துப் பங்கைப் பிரிப்பதால், சாரத்தின் இடப்பாதி இடக்காலோடும் வலப்பாதி வலக்காலோடும் போய்விடும். ஐயா எட்டு வைத்ததும் நடுத்துணி சூயிங்கம் மாதிரி இழுபடும்.

பிளெண்டரில் வெயிட் பெயின்ட் முறைக்கு, அதாவது இந்தப் பங்குகளைத் தூரிகையால் பூசும் முறைக்குப் போங்கள். ஓட்டோ நோர்மலைஸை முதலில் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கூட்டுத்தொகை கலைந்துவிடும். நடுக்கோட்டில் இரண்டு தொடைக்கும் சமபங்கு கொடுத்து, பக்கங்களுக்குப் போகப் போக ஒன்றைக் கூட்டி மற்றதைக் குறையுங்கள். இடுப்பு எலும்புக்கும் கொஞ்சம் பங்கு இருக்கட்டும். பொறுமையாகச் செய்தால் நடைக்கு இது போதும். ஓட்டத்துக்குப் போதாது. அதற்கு இடுப்பிலிருந்து தொங்கும் தனி எலும்புச் சங்கிலிகள் சாரத்துக்கென்றே வேண்டும். மற்றப்படி, ஓடும்போது ஐயா சாரத்தை மடித்துக் கட்டிக்கொள்கிறார் என்று வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. நம்மூரில் அதுதானே நடப்பு.

படி 3: கிளிப்பின் சொந்த வேகத்தை அளத்தல்

வழுக்கலுக்கு மருந்து இந்தப் படிதான். நிறையப் பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

மிக்சாமோவில் நடைக் கிளிப்பை இறக்கும்போது 'இன் பிளேஸ்' (நின்ற இடத்திலேயே நடப்பது) என்ற பெட்டியை முதல் தடவை டிக் செய்யாதீர்கள். பிளெண்டரில் முதல் சட்டத்திலும் கடைசிச் சட்டத்திலும் இடுப்பு எலும்பு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அந்த வித்தியாசம்தான் ஒரு சுழற்சியில், அதாவது இரண்டு எட்டில், ஆள் போகும் தூரம். எண் 154 என்று வந்தால் மிரள வேண்டாம், அது சென்ரிமீற்றர். 1.54 மீற்றரை 1.1 விநாடியில் நடந்தால் விநாடிக்கு 1.4 மீற்றர். சாதாரண மனித நடையும் கிட்டத்தட்ட இதே வேகம். பெடியனின் ஐயா இதே கிளிப்பில் விநாடிக்கு 3 மீற்றர் போய்க்கொண்டிருந்தார். வழுக்காமல் என்ன செய்வார்?

அளந்த பிறகு இன் பிளேஸ் டிக்கோடு திரும்ப இறக்குங்கள். மூன்று கிளிப்பையும் 1 விநாடி நீளத்துக்கு இழுத்துவிடுங்கள். நடையும் ஓட்டமும் இடப்பாதம் ஊன்றும் சட்டத்திலிருந்தே தொடங்க வேண்டும். ஒன்றில் இடது, மற்றதில் வலது என்றிருந்தால் கலக்கும்போது கால்கள் பின்னிக்கொள்ளும். எல்லாவற்றையும் ஒரே கோப்பாக ஜிஎல்பி (கோடோ படிக்கும் 3டி கோப்பு) வடிவில் ஏற்றுமதி செய்யுங்கள். கிளிப்பின் பெயர் முடிவில் ஒரு சிறுகோடும் 'லூப்' என்ற ஆங்கிலச் சொல்லும் சேர்த்தால், கோடோ அதைத் தானாகவே சுழலவிடும்.

படி 4: கலத்தல்

கோடோவில் அனிமேஷன் ட்ரீ நோட் (நோட் என்பது காட்சியின் ஒரு கட்டுமானத் துண்டு) ஒன்றைச் சேர்த்து, அதன் வேராக பிளெண்ட் ட்ரீயைத் தெரிவு செய்யுங்கள். உள்ளே ஒரு பிளெண்ட் ஸ்பேஸ் 1டி (வேகத்துக்கு ஏற்றபடி கிளிப்புகளைக் கலப்பது), அதிலிருந்து டைம் ஸ்கேல் (கிளிப்பை வேகமாகவோ மெதுவாகவோ ஓட்டுவது), அதிலிருந்து வெளியீடு. பிளெண்ட் ஸ்பேஸில் 0இல் நிற்றல், 1.4இல் நடை, 4இல் ஓட்டம். எல்லாக் கிளிப்பும் ஒன்றாக ஓட, சிங்க் என்பதை இயக்கிவிடுங்கள்.

இனிக் கணக்கு. 1 விநாடிக்கு இழுத்த நடையின் சொந்த வேகம் 1.54, நமக்கு வேண்டியது 1.4. ஆகவே டைம் ஸ்கேல் 0.91. ஓட்டத்தில் ஒரு சுழற்சிக்கு 2.8 மீற்றர் போகிறது என்றால், 4ஐ 2.8ஆல் வகுக்க 1.43. இடைப்பட்ட வேகங்களுக்கு இடைப்பட்ட எண். ஸ்கிரிப்டில் ஒவ்வொரு சட்டத்திலும் பாத்திரத்தின் உண்மையான வேகத்தை எடுத்துப் பிளெண்ட் ஸ்பேஸுக்கும், அதற்கேற்ற இந்த எண்ணை டைம் ஸ்கேலுக்கும் கொடுத்துவிடுங்கள். அந்த வேகத்தையும் சடாரென்று 0இலிருந்து 4க்குத் தாவவிடாமல் படிப்படியாக ஏற்றுங்கள். எந்த மனிதனும் அப்படிக் கிளம்புவதில்லை.

சரிபார்க்கத் தரையில் சதுரக் கட்டம் போட்டுப் பாருங்கள். ஊன்றிய பாதம் தன் கட்டத்தைவிட்டு நகராவிட்டால் வென்றுவிட்டீர்கள்.

பெரிய நிறுவனங்கள் இப்போது இப்படி வேகத்துக்கு வேகம் கையால் கிளிப் வைப்பதைக் குறைத்துவிட்டன. மோஷன் மேட்சிங் என்ற முறையில், பதிவு செய்த ஏராளமான அசைவுகளுக்குள் இந்தக் கணத்துக்குப் பொருத்தமான சட்டத்தை எஞ்சினே தேடி எடுக்கும். நமக்கு இப்போதைக்கு அது வேண்டாம்.

படி 5: படிக்கட்டு

தட்டையான தரையில் நன்றாக நடந்தவர் படியில் ஏறியதும் ஒரு பாதம் சீமெந்துக்குள் புதையும், மற்றது அந்தரத்தில் நிற்கும். இதற்குத்தான் ஐகே (இன்வேர்ஸ் கினமற்றிக்ஸ்): பாதம் எங்கே நிற்க வேண்டும் என்று சொன்னால், மேலே உள்ள மூட்டுகள் மடங்கும் அளவை அது கணிக்கும். ஒவ்வொரு பாதத்துக்கும் மேலிருந்து கீழ்நோக்கி ஒரு ரேகாஸ்ட் (கண்ணுக்குத் தெரியாத நேர்கோடு) விட்டு, தரை எந்த உயரத்தில் என்று பாருங்கள். கிளிப் சொல்லும் பாத உயரத்தோடு அதைக் கூட்டுங்கள். பாதத்தைத் தரையிலேயே ஒட்டிவிட்டால் தூக்கும் காலும் இழுபடும், கவனம். முழங்கால் எவ்வளவு மடங்க வேண்டும் என்பதை ஐகே நோட் பார்த்துக்கொள்ளும். தொடை, கீழ்க்கால், இடுப்பிலிருந்து கணுக்கால் வரையான தூரம் என்று மூன்று பக்கமும் தெரிந்த முக்கோணம்தானே அது. உயர்தரத்தில் இணைந்த கணிதம் செய்தவர்களுக்குக் கோசைன் விதி ஞாபகம் வரும்.

மறக்கக்கூடாதது இடுப்பு. தாழ்ந்திருக்கும் பாதத்தின் அளவுக்கு இடுப்பையும் இறக்குங்கள். இல்லாவிட்டால் அந்தக் கால் எட்டாது.

படி 6: விழுதல்

எலும்புக்கூட்டு நோடைத் தெரிவு செய்து, மேலே உள்ள மெனுவில் இயற்பியல் எலும்புக்கூட்டை (பாரத்தாலும் மோதலாலும் தானே அசைவதை) உருவாக்கச் சொல்லுங்கள். விரல் எலும்புகளை அழித்துவிடுங்கள், அவை நடுங்கிக்கொண்டே கிடக்கும். முழங்காலுக்கும் முழங்கைக்கும் கீல் மூட்டு, கழுத்துக்கும் தோளுக்கும் கூம்பு மூட்டு, எல்லாவற்றுக்கும் கோண எல்லை.

இதை இயக்கினால் ஐயா சாக்குமூட்டை மாதிரிப் பொத்தென்று விழுவார். 100ஆம் இலக்க பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது டிரைவர் பிரேக் அடித்தால் நாம் அப்படியா விழுகிறோம்? ஒரு கால் முன்னால் போகும், கை கம்பியைத் தேடும், வாய் டிரைவரைத் திட்டும். அந்தச் சமாளிப்பையும் கணக்கிட முயன்றதுதான் நேச்சுரல்மோஷன் நிறுவனத்தின் யூபோரியா என்ற மென்பொருள். 2008இல் வந்த ஜிடிஏ 4 கேமில் ஆட்கள் தடுமாறி எதையாவது பிடிக்கப் பார்ப்பது அதனால்தான்.

அது நம் கைக்கு எட்டாது, மலிவான வழி ஒன்று உண்டு. சின்னத் தள்ளலுக்கு முதுகு, கழுத்து, கைகளை மட்டும் அரை விநாடி இயற்பியலிடம் கொடுத்துவிட்டு, கால்களை நடைக் கிளிப்பிலேயே விடுங்கள். பிறகு இயற்பியலின் பங்கை மெதுவாக 0க்கு இறக்குங்கள். பலமான மோதலுக்கு மட்டும் முழு உடம்பும் விழட்டும்.

பெடியனின் ஐயா இப்போது ஓட்டோவில் முட்டினால் தோள் திரும்பி, தள்ளாடி, திரும்ப நடக்கிறார். இடது முழங்காலடியில் மட்டும் சாரம் இன்னும் கிழிகிறது. அதற்கு எலும்புச் சங்கிலி போட்டுக்கொண்டிருக்கிறான்.