சென்ட்ரல் சீரஸ் நோயில் விழித்திரைப் படிவுகளைப் படமெடுக்கும் முறை

சென்ட்ரல் சீரஸ் கோரியோரெட்டினோபதி என்பது விழித்திரைக்கு அடியில் நீர் கோக்கும் நோய். அது உள்ள கண்ணில் நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்க ஒரு ஓசிடி (விழித்திரை அடுக்குகளைக் குறுக்குவெட்டாகக் காட்டும் ஒளிப் படம்) போதும். அந்த நீர் எவ்வளவு காலமாக நிற்கிறது என்பதை நீர் சொல்லாது, படிவுகள்தான் சொல்லும். வந்தது புதிதா, மாதக்கணக்கில் தேங்கியதா என்பதைப் பொறுத்தே காத்திருப்பதா சிகிச்சை கொடுப்பதா என்று மருத்துவர் முடிவெடுக்கிறார். ஆகவே படிவு தெளிவாகத் தெரியாத படத்தை அரைகுறைப் படம் என்றே சொல்வோம்.

படிவு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் எங்கே தேடுவது என்பதும் தெரியும். ஒளி உணரும் செல்களின் நுனிகள் தினமும் உதிர்கின்றன. கீழேயுள்ள நிறமி அடுக்கு அவற்றை விழுங்கிச் சுத்தம் செய்கிறது. இடையில் நீர் புகுந்து விழித்திரையைத் தூக்கிவிட்டால் இரண்டுக்கும் தொடர்பு அறுந்துபோகிறது. உதிர வேண்டிய நுனிகள் நீண்டு தொங்குகின்றன. உதிர்ந்த கழிவு விழித்திரையின் பின்பக்கத்தில் ஒட்டிக்கொள்கிறது, நீரிலும் மிதக்கிறது. அதில் உள்ள நிறமிப் பொருள்கள் நீல ஒளி பட்டால் தாமாகவே ஒளிர்கின்றன. ஆட்டோஃப்ளோரசன்ஸ் படம் பிடிப்பது இந்த ஒளியைத்தான். புவியீர்ப்பால் கழிவு மெல்லக் கீழே இறங்குவதால் நீர்த்தேக்கத்தின் கீழ் விளிம்பில்தான் ஒளிர்வு பெரும்பாலும் அதிகமாக இருக்கும்.

வரிசை மாறக் கூடாது

பார்வைத் திறன், கண்ணாடி அளவு, பிறகு ஆட்டோஃப்ளோரசன்ஸ், ஓசிடி, வண்ணப் படம், தேவைப்பட்டால் கடைசியில் சாய ஆஞ்சியோகிராம் (இரத்தத்தில் சாயம் ஏற்றி எடுக்கும் படம்). ஃப்ளோரசின் சாயமும் அதே நீல ஒளியில்தான் ஒளிரும். சாயம் ஏற்றிய பிறகு எடுக்கும் ஆட்டோஃப்ளோரசன்ஸ் படத்தில் படிவு எது, சாயம் எது என்று யாராலும் பிரிக்க முடியாது. அன்று முழுக்க அந்தப் படம் வீண். அவசரத்தில் சாயத்தை முதலில் ஏற்றிவிட்டால் நோயாளியை வேறொரு நாள் வரவழைப்பதைத் தவிர வழியில்லை.

கண்மணியை விரிக்கும் முன் முன்னறைக் கோணம் குறுகலாக இல்லை என்று உறுதி செய்யுங்கள். டிராப்பிகமைடு 1% சொட்டு விட்டு 20 முதல் 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். ஃபினைலெஃப்ரின் சேர்ப்பதானால் இரத்த அழுத்தமும் இதய நோயும் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். கூடவே ஸ்டீராய்டு பற்றியும் கேளுங்கள். மாத்திரை மட்டுமல்ல, ஆஸ்துமா இன்ஹேலர், தோல் களிம்பு, மூட்டு ஊசி எல்லாம் கணக்கில் வரும். பலர் களிம்பை மருந்தாகவே நினைப்பதில்லை, பெயர் சொல்லிக் கேட்டால்தான் நினைவுக்கு வரும். கிடைத்த பதிலைப் படத்தாளில் எழுதிவிடுங்கள்.

ஆட்டோஃப்ளோரசன்ஸ் எடுப்பது

488 நானோமீட்டர் நீல லேசர் கருவியில் அகச்சிவப்புப் படத்தை வைத்து மேக்குலாவை (விழித்திரையின் மையப் பகுதியை) நடுவில் கொண்டுவந்து ஃபோகஸ் செய்யுங்கள். நீலத்துக்கு மாறியதும் அதே ஃபோகஸ் பொருந்தாது, மறுபடி சரிசெய்ய வேண்டும். பலரும் தவறவிடுவது இந்த இடத்தில்தான். தூக்கப்பட்ட விழித்திரையின் பின்பக்கமும் நிறமி அடுக்கும் ஒரே ஆழத்தில் இருப்பதில்லை. விழித்திரை ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு தூக்கியிருந்தாலே கிட்டத்தட்ட ஒரு டயாப்டர் வித்தியாசம் வரும். சுற்றியுள்ள இயல்பான விழித்திரையில் ஃபோகஸ் வைத்துவிட்டு, உயர்ந்த பகுதியில் உள்ள துகள்கள் மங்கலாக இருக்கின்றன என்று வருந்திப் பயனில்லை. ஒரு படம் இயல்பான பகுதியில், இன்னொன்று மேட்டின் மேல் என இரண்டாக எடுத்துவிடுங்கள்.

படம் பதிவு செய்யும் முன் 20 முதல் 30 விநாடி நீல ஒளி விழித்திரையில் படட்டும். இருட்டில் இருந்து வந்த கண்ணில் ஒளி உணரும் நிறமி ஒளியை உறிஞ்சிக்கொள்வதால் முதல் சில நொடிப் படங்கள் மங்கலாக வரும். பிறகு 15 முதல் 30 சட்டங்களை (தனித்தனிப் படங்களை) சேர்த்துச் சராசரி எடுங்கள். கெயினை (கருவி ஒளியைப் பெருக்கிக் காட்டும் அளவை) எந்த இடமும் முழு வெண்மையாகப் பொங்காத அளவில் நிறுத்துங்கள். பார்வை நரம்புத் தட்டும் இரத்தக் குழாய்களும் கறுப்பாகவும், மற்ற விழித்திரை நடுத்தரச் சாம்பலாகவும் இருந்தால் அளவு சரி. படிவு பளிச்சென்று தெரியட்டும் என்று கெயினைக் கூட்டினால் துகள் துகளாக இருந்தது ஒரே வெள்ளைப் பட்டையாகிவிடும், மிகையான நோயைக் காட்டும்.

30 டிகிரிப் படத்தோடு நிறுத்தாதீர்கள். நாள்பட்ட நோயில் நீர் கீழ்நோக்கி வழிந்த தடங்கள் மேக்குலாவைத் தாண்டி இறங்கியிருக்கும். 55 டிகிரி லென்ஸ் இருந்தால் அதையும் எடுங்கள், இல்லையென்றால் கீழ்ப்பார்வையில் இன்னொரு படம். அந்தத் தடத்தில் நிறமி அடுக்கு அழிந்த இடம் கறுப்பாகவும் அதன் ஓரம் ஒளிர்ந்தும் தெரியும்.

நீல ஒளிப் படத்தில் ஃபோவியா (மேக்குலாவின் நடுக்குழி) இருண்டிருப்பது மேக்குலாவின் மஞ்சள் நிறமியால் வருவது, அது அழிவு அல்ல. சந்தேகம் வந்தால் பச்சை ஒளியில் ஒரு படம் எடுத்து ஒப்பிடலாம். ஒரு மூலை மட்டும் இருண்டால் கருவி கண்மணியின் நடுவில் இல்லை. அடிப்பகுதி மங்கினால் இமைமுடி மறைக்கிறது. மொத்தமாகச் சோர்ந்திருந்தால் கண் உலர்ந்திருக்கலாம், ஒரு சொட்டு செயற்கைக் கண்ணீர் விட்டுச் சிமிட்டச் சொல்லுங்கள். கெட்டியான ஜெல் வேண்டாம், அதுவே படத்தைக் கலக்கும். கண்ணின் லென்ஸ் மஞ்சளாகிப்போன வயதானவர்களுக்கு நீலம் சரிவராது, நீண்ட அலைநீளத்தில் இயங்கும் ஃபண்டஸ் கேமரா (விழித்திரையைப் படமெடுக்கும் கேமரா) வடிகட்டியே நல்லது.

ஓசிடியில் ஆழம் பார்ப்பது

ஒளிர்வு இருக்கிறது என்பது பாதிச் செய்தி. அது எந்த அடுக்கில் இருக்கிறது என்பதை ஓசிடிதான் சொல்லும். 20 டிகிரி சதுரத்தில் 49 கோடுகள் (ஒவ்வொன்றும் ஒரு குறுக்குவெட்டு) எடுத்தால் கோடுகளுக்கு இடையே சுமார் 120 மைக்ரான் இடைவெளி விழும். சிறு துகள்கள் அந்த இடைவெளியில் தப்பிவிடும். ஆகவே ஒளிர்ந்த பகுதியின் மேல் நெருக்கமான இரண்டாவது தொகுப்பு, 60 மைக்ரான் அல்லது அதற்கும் குறைவான இடைவெளியில் எடுங்கள். கூடவே ஃபோவியாவில் தொடங்கி நீரின் கீழ் விளிம்பைத் தாண்டும்வரை ஒரு செங்குத்துக் கோடு. கிடைக்கோடுகளை மட்டும் எடுப்பவர்கள் கீழே தேங்கிய படிவைத் தவறவிடுகிறார்கள்.

விழித்திரையின் அடிப்பக்கம் சீராக இல்லாமல் நார்நாராகத் தொங்கினால் அது நீண்டுபோன நுனிகள். அதில் ஒட்டிய பளிச்சென்ற புள்ளிகளும், நீரில் மிதப்பவையும், நிறமி அடுக்கின் மேல் அமர்ந்தவையும்தான் நாம் தேடும் படிவு. நிறமி அடுக்குக்குக் கீழே மேடாக இருப்பது ட்ரூசன் என்னும் வேறு வகைப் படிவு. விழித்திரையின் உள்ளேயே பளிச்சிட்டுக் கீழே நிழல் விழுத்துவது கொழுப்புக் கசிவு, நீரிழிவு நோயில் அதிகம் பார்ப்பது. கசியும் புள்ளியைச் சுற்றிச் சாம்பல் வெள்ளையாக, நடுவில் ஓர் இருண்ட ஓட்டையுடன் தெரிவது ஃபைப்ரின்.

எல்லாவற்றையும்விடக் குழப்புவது பெரியவர்களுக்கு வரும் விட்டெல்லிஃபார்ம் நோய். அங்கும் மஞ்சள் படிவு, அங்கும் பிரகாசமான ஒளிர்வு, சில சமயம் மேலே நீர். அதனால் ஓசிடியின் ஆழப் பதிவு முறையில் கோராய்டையும் (நிறமி அடுக்குக்குக் கீழுள்ள இரத்தக் குழாய் அடுக்கையும்) கட்டாயம் எடுங்கள். சென்ட்ரல் சீரஸில் கோராய்டு வழக்கமாகத் தடித்திருக்கும், விட்டெல்லிஃபார்மில் அப்படி எதிர்பார்க்க முடியாது. கோராய்டின் தடிமன் ஒரே நாளில் நேரத்துக்கு நேரம் மாறும், அதனால் தொடர் பரிசோதனைகளை முடிந்தவரை ஒரே வேளையில் வையுங்கள்.

கருவி தானாகப் போடும் எல்லைக்கோட்டை நம்பிவிடாதீர்கள். படிவு ஒட்டியிருக்கும் இடத்தில் அது படிவையே நிறமி அடுக்கு என்று எடுத்துக்கொண்டு கோட்டைத் தூக்கிப் போடும், தடிமன் எண் பொய்யாகும். ஒவ்வொரு கோடாகத் திறந்து பாருங்கள். 50 வயதைக் கடந்தவரின் நிறமி அடுக்கு தட்டையாக, ஒழுங்கில்லாமல் மேலெழுந்திருந்தால் ஓசிடி ஆஞ்சியோவும் (சாயமில்லாமல் இரத்தக் குழாய்களைக் காட்டும் ஓசிடி) எடுங்கள். புது இரத்தக் குழாய் வளர்ந்திருக்கிறதா என்பதைப் படிவை வைத்துச் சொல்ல முடியாது.

மறுமுறை வரும்போது

முதல் வருகையில் வைத்த கெயின், சட்ட எண்ணிக்கை, நேரம் மூன்றையும் குறித்து வைத்திருந்தால்தான் ஒப்பீடு நிற்கும். ஓசிடியில் தொடர் பரிசோதனை முறையைத் தேர்ந்தெடுத்தால் கருவி அதே இடத்தில் கோடு போடும். நீர் முழுதும் வற்றிய பின்னும் ஒளிர்வு மாதக்கணக்கில் நிற்கலாம். அதைப் பார்த்து நோய் திரும்பிவிட்டது என்று எழுதிவிட வேண்டாம், ஓசிடியில் நீர் இருக்கிறதா என்று பாருங்கள்.

குறை சொல்லாத மறு கண்ணையும் ஒவ்வொரு முறையும் இதே அளவுகளில் எடுங்கள். நோயாளிக்கே தெரியாமல் வந்துபோன பழைய நீரின் தடம் அங்கே இருப்பது அபூர்வமல்ல.