பழைய கம்பைலர்களுக்கும் ஆதரவு: எங்கே தவறு நேர்கிறது?

"சென்ட்ஓஎஸ் 7-இலும் ஓடும்" என்று, மென்பொருளோடு வரும் ரீட்மீ என்ற விளக்கக் கோப்பில் ஒரு வரி எழுதுவது எளிது. சென்ட்ஓஎஸ் 7 என்பது சர்வர்களில் ஓடும் ஒரு பழைய லினக்ஸ் சிஸ்டம். சர்வரை மாற்றும் அதிகாரம் இல்லாத யாரோ ஒருவர் அந்த வரியை நம்பித்தான் உங்கள் மென்பொருளை நிறுவுவார். அங்கே ஓட்டிப் பார்க்காமலே அப்படி எழுதுவதுதான் முதல் தவறு.

கம்பைல் ஆனதையே, அதாவது நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் பிழை சொல்லாததையே, சோதனை என்று எடுத்துக்கொள்வது அதைவிட ஆபத்து. சென்ட்ஓஎஸ் 7-உடன் வந்த ஜிசிசி 4.8 என்ற கம்பைலர், சி++ மொழியின் 2011 தரமான சி++11-ஐ ஏற்கும். எழுத்துகளில் பேட்டர்ன் தேடும் ரெஜெக்ஸ் வசதிக்கான ஹெடர் கோப்பும் அதில் உண்டு. நிரல் முறையாகக் கம்பைல் ஆகும். ஓடும்போதுதான், சாதாரண பேட்டர்னுக்கே எக்ஸெப்ஷன் என்ற பிழை வந்து விழும். ரெஜெக்ஸ் ஜிசிசியின் சி++ லைப்ரரியில் ஒழுங்காக வந்து சேர்ந்தது 2014-இல் வெளியான 4.9-இல்தான். எனவே பதிப்பு எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தேவையான வசதியைப் பயன்படுத்தும் குட்டி நிரல் ஒன்றை பில்டின் தொடக்கத்திலேயே கம்பைல் செய்து, ஓட்டியும் பாருங்கள்.

பில்ட் முடிந்து கிடைக்கும் இயங்கு கோப்பான பைனரியில் வேறு சிக்கல். உபுண்டு லினக்ஸ் 22.04-இல் பில்ட் செய்ததை 20.04-இல் இயக்கினால், அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சியின் 2.34 பதிப்பு இல்லை என்று அது நின்றுவிடும். பழைய சி தரத்தைக் கேட்கும் ஆப்ஷனைக் கொடுத்தும் பயனில்லை. பில்ட் செய்த இயந்திரத்தின் லைப்ரரியோடு பைனரி பிணைந்துவிடுகிறது. ஆதரிக்கும் சிஸ்டங்களில் எது மிகப் பழையதோ, அதில் பில்ட் செய்யுங்கள். பல லினக்ஸ்களிலும் ஓடும் பைத்தான் பேக்கேஜ்களுக்கான மெனிலினக்ஸ்2014 தரம் சென்ட்ஓஎஸ் 7-ஐ அடித்தளமாகக் கொண்டது இதற்காகத்தான்.

பழைய கம்பைலர்களுக்கென நிரலில் மாற்று வழி பிரிக்கும் இஃப்டெஃப் வரிகளைக் கோப்புதோறும் தூவவும் வேண்டாம். ஒரே இடத்தில் இருந்தால், பின்னாளில் நீக்குவது எளிது.

ஆம், நீக்கத்தான் வேண்டும். சென்ட்ஓஎஸ் 7-இன் ஆயுளே 2024 ஜூன் 30-உடன் முடிந்தது. ஆதரவை நிறுத்துவதில் தவறில்லை, பயனருக்குத் தெரியாமல் நிறுத்துவதுதான் தவறு. பைத்தானின் கிரிப்டோகிராஃபி லைப்ரரி 2021 பிப்ரவரியில் 3.4 பதிப்பில் ரஸ்ட் மொழியின் கம்பைலரைக் கேட்கத் தொடங்கியபோது, ஆல்பைன் லினக்ஸில் பலரது பில்டுகள் உடைந்தன. 3.3-க்கு அடுத்து 3.4 என்பதைப் பார்த்து இவ்வளவு பெரிய மாற்றத்தை யார் எதிர்பார்ப்பார்கள்?

நிரல்களின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் மென்பொருளின் குழு இதைச் செய்த விதம் எனக்குப் பிடித்தது. 2022 ஜனவரியில் வந்த 2.35-இல், சி மொழியின் 1999 தரமான சி99 இல்லாத கம்பைலரைக் கண்டால் பில்டை நிறுத்தும் சிறு சோதனை ஒன்றை வைத்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் தற்காலிகமாக அந்தச் சோதனையை நீக்கிவிட்டுத் தங்களுக்கு எழுதும்படி பக்கத்திலேயே குறிப்பும் எழுதினார்கள். யாருக்குப் பாதிப்பு என்று தெரிந்துகொள்ள வழி வைத்துவிட்டுத்தான் சி99-ஐத் தாராளமாகப் பயன்படுத்தத் தொடங்கினார்கள்.